அனலாக் கேமராவா, ஐபி கேமராவா? சுங்கை சிப்புட் தாமான் வீட்டுக்கு எது பொருந்தும்?

பதிவு 1 | சிப்புட் மகள்

அனைவருக்கும் வணக்கம். பேராவின் சுங்கை சிப்புட்டில் செம்பனைத் தோட்டத்தை ஒட்டிய தாமான் (குடியிருப்புப் பகுதி) ஒன்றில் என் பெற்றோர் இருவர் மட்டும் வசிக்கிறார்கள். 22 அடி அகலமுள்ள ஒற்றை மாடி வரிசை வீடு அது. வரிசையின் கடைசி வீடு என்பதால் பக்கவாட்டில் கொஞ்சம் நிலமும் உண்டு. 2012-இல் நான்கு அனலாக் கேமராக்களும், படத்தைப் பதிவுசெய்யும் ஒரு டிவிஆர் பெட்டியும் பொருத்தினோம். வாசலில் ஒன்று, காடி நிறுத்தும் முன்கூடத்தில் ஒன்று, பக்கவாட்டில் ஒன்று, சமையலறைப் பின்புறம் ஒன்று.

சென்ற மாதம் எதிர்வீட்டு மோட்டார் சைக்கிள் திருட்டுப் போனது. எங்கள் வாசல் கேமராவில் அந்த ஆள் வருவதும் வண்டியைத் தள்ளிக்கொண்டு போவதும் பதிவாகியிருக்கின்றன. ஆனால் முகம் இருக்க வேண்டிய இடத்தில் வெளிறிய ஒரு திட்டுதான் தெரிகிறது. பார்த்த காவல் அதிகாரி, இதை வைத்து யாரையும் அடையாளம் சொல்ல முடியாது என்று கூறிவிட்டார்.

இப்போது இருவரிடம் விலை கேட்டிருக்கிறேன். ஒருவர் இருக்கும் கம்பிகளையே வைத்துக்கொண்டு புதிய அனலாக் கேமராக்களும் பெட்டியும் மாற்றித்தர 1,250 ரிங்கிட் கேட்கிறார். மற்றவர் அனலாக்கின் காலம் முடிந்துவிட்டது, எல்லாவற்றையும் கழற்றிவிட்டு ஐபி கேமராவுக்கு மாறுங்கள் என்று 2,600 ரிங்கிட் சொல்கிறார். பணத்தைவிட, அடுத்த பத்து ஆண்டுக்கு நிற்கும் முடிவாக இருக்க வேண்டும் என்பதே என் கவலை. நான் ஷா ஆலாமில் வேலை செய்கிறேன். அப்பாவுக்குக் கைப்பேசியில் வாட்ஸ்அப் மட்டுமே பழக்கம். அம்மா கேமராக் காட்சியைத் தொலைக்காட்சியில்தான் பார்ப்பார். இணைய வசதி உண்டு, ஆனால் பெருமழையில் அடிக்கடி அறுந்து போகும். அனுபவமுள்ளவர்கள் வழிகாட்டுங்கள்.

பதிவு 2 | ஈப்போ கம்பிக்காரர்

வணக்கம் சகோதரி. ஈப்போவிலிருந்து கோலாகங்சார் வரை கேமரா பொருத்தும் தொழிலில் இருக்கிறேன். உங்களிடம் வந்த இருவரும் முழுப் பொய் சொல்லவில்லை, முழு உண்மையையும் சொல்லவில்லை.

முதலில், 2012-இல் நீங்கள் பொருத்திய அனலாக்கும் இன்று கடையில் கிடைக்கும் அனலாக்கும் ஒன்றல்ல. பழையது தொலைக்காட்சிக்கான பால் (PAL) முறையில் இயங்கியது. அதன் படம் 720-க்கு 576 புள்ளிகள், நல்ல ரகமாக இருந்தால் 960-க்கு 576. அதற்குமேல் அந்த முறையில் போக வழியே இல்லை. பிறகு அதே கோஎக்சியல் கம்பி (நடுவில் செம்பு இழையும் சுற்றிலும் உலோகப் பின்னலும் உள்ள கம்பி) வழியாகத் தெளிவான படத்தை அனுப்பும் முறைகள் வந்தன. 2012-இல் டாஹுவா நிறுவனம் எச்டி-சிவிஐ முறையைக் கொண்டுவந்தது. அதன்பின் டிவிஐ, ஏஎச்டி என்று மற்றவையும் வந்தன. இன்று சாதாரணமாக விற்பது 1920-க்கு 1080 புள்ளிகள், அதாவது 2 மெகாபிக்சல். 5 மெகாபிக்சலும் 8 மெகாபிக்சலும்கூடக் கிடைக்கின்றன. பழைய 720 புள்ளிப் படத்தோடு ஒப்பிட்டால் 2 மெகாபிக்சல் படத்தில் சரியாக ஐந்து மடங்குப் புள்ளிகள் இருக்கின்றன. ஆகவே அனலாக் என்றாலே மங்கல் என்று சொல்வது இன்று பொருந்தாது.

இரண்டாவது, கேமராவின் உள்ளே ஒளியை வாங்கும் சில்லு இரண்டு வகையிலும் ஏறக்குறைய ஒன்றுதான். அனலாக்கில் அந்தப் படம் அலையாகக் கம்பியில் வந்து டிவிஆர் பெட்டிக்குள் சுருக்கப்பட்டுச் சேமிக்கப்படுகிறது. ஐபி கேமராவில் அந்தச் சுருக்கும் வேலை கேமராவுக்குள்ளேயே முடிந்து, கணினி வலைக் கம்பியில் கோப்பாக வருகிறது. எனவே கேமராவை ஒதுக்கிவைத்துவிட்டு முதலில் கம்பியைப் பாருங்கள். உங்கள் வீட்டில் ஏற்கெனவே ஓடும் கம்பி என்ன வகை, எவ்வளவு நீளம், அதன் முனைகள் எந்த நிலையில் இருக்கின்றன என்பது தெரிந்தால் பாதி விடை கிடைத்துவிடும்.

இங்கே பல வீடுகளில் நான் காண்பது இதுதான். வாசல் தூணில் உள்ள பிளாஸ்டிக் பெட்டியைத் திறந்தால் உள்ளே எறும்பு கூடு கட்டியிருக்கும். கம்பியைக் கேமராவோடு இணைக்கும் பிஎன்சி முனையின் நடு ஊசி பச்சை பூத்திருக்கும். கம்பியின் வெளிப்பின்னல் கறுத்து, விரலால் தொட்டால் உதிரும். மழைநீர் முனை வழியாகப் புகுந்து, பின்னலைப் பிடித்துக்கொண்டு உள்ளே ஓரிரு அடி ஊறியிருக்கும். பழைய கேமராவில் இதனால் படம் கொஞ்சம் மங்கும், அவ்வளவுதான். 2 மெகாபிக்சல் கேமராவை அதே கம்பியில் மாட்டினால் படம் துடிக்கும், நிறம் போய்விடும், சில வேளை படமே வராது. முனையை வெட்டிப் புதிதாகக் கட்டினால் பெரும்பாலும் சரியாகிவிடும். கம்பியின் நடுவில் ஒட்டுப்போட்டிருந்தால் ஆகாது. 1,250 ரிங்கிட் சொன்னவர் இந்த முனைகளைத் திறந்து பார்த்தாரா என்று கேளுங்கள்.

பதிவு 3 | வலைப்பின்னல் பொறியாளர்

அண்ணன் சொன்ன விளக்கம் சரி. ஆனால் முடிவில் எனக்கு மாற்றுக் கருத்து உண்டு. நான் கோலாலம்பூரில் கணினி வலை வேலையில் இருக்கிறேன். சொந்த ஊர் சுங்கை சிப்புட் பக்கம்தான். பத்து ஆண்டு நிற்க வேண்டும் என்றால் ஐபி-யே சரி என்பது என் நிலை.

காரணம் படத் தெளிவு அல்ல, மின்சாரம். அனலாக் கேமராவுக்கு 12 வோல்ட் தனிக் கம்பியில் போக வேண்டும். பலர் மெல்லிய கம்பியைப் போட்டுவிடுகிறார்கள். 0.2 சதுர மில்லிமீட்டர் செம்புக் கம்பி 40 மீட்டர் ஓடினால், போக வர இரண்டு இழைகளையும் சேர்த்து ஏறத்தாழ 7 ஓம் தடை வரும். இரவில் அகச்சிவப்பு விளக்கு எரியும்போது கேமரா அரை ஆம்பியர் இழுத்தால் மூன்றரை வோல்ட் வழியிலேயே போய்விடும். கேமராவுக்கு எட்டரை வோல்ட்தான் மிஞ்சும். பகலில் நன்றாக இருக்கும் கேமரா இரவானதும் அணைந்து அணைந்து எரிவது இதனால்தான். செம்பு பூசிய அலுமினியக் கம்பியாக இருந்தால் நிலைமை இன்னும் மோசம். ஐபி கேமராவில் பிஓஇ என்ற முறையில் ஒரே கம்பியில் படமும் மின்சாரமும் போகின்றன. 2003-இல் வந்த 802.3ஏஎஃப் தரத்தின்படி, கேமராக் கம்பிகள் வந்துசேரும் சுவிட்ச் பெட்டி ஒரு துளைக்கு 15.4 வாட் வரை தரும், அதுவும் 48 வோல்ட் அளவில். அழுத்தம் அதிகம் என்பதால் ஓட்டம் குறைவு. வழியில் ஓரிரு வோல்ட் குறைந்தாலும் கேமரா கவலைப்படாது. இன்னொரு நன்மை, பதிவுப் பெட்டிக்கும் பிஓஇ சுவிட்சுக்கும் சேர்த்து ஒரு யுபிஎஸ் வைத்தால் மின்தடையில் எல்லாக் கேமராக்களும் சேர்ந்தே ஓடும்.

அடுத்தது அறிவிப்பு. தோட்டத்துப் பக்கம் இருப்பவர்களுக்கு இது பெரிய தொல்லை. குரங்கு, நாய், விட்டில், லென்ஸ் முன்னால் தொங்கும் சிலந்தி நூல், மழைச் சாரல் என எதற்கெடுத்தாலும் கைப்பேசி அலறினால், வீட்டார் அறிவிப்பையே நிறுத்திவிடுவார்கள். ஆள், வாகனம் என்று பிரித்தறியும் வசதி இன்றைய பல ஐபி கேமராக்களில் கேமராவுக்குள்ளேயே இருக்கிறது. புதிய டிவிஆர் பெட்டிகளும் அதைச் செய்கின்றன. ஆனால் பல பெட்டிகளில் எல்லாக் கேமரா வழிகளுக்கும் ஒரே நேரத்தில் கிடைக்காது.

நிறுவனம் மாறினாலும் கேமரா பயன்பட வேண்டும் என்றால் ஆன்விஃப் ஆதரவு இருக்கிறதா என்று பார்த்து வாங்குங்கள். 2008-இல் ஆக்சிஸ், பாஷ், சோனி ஆகிய மூன்றும் சேர்ந்து, வெவ்வேறு நிறுவனக் கருவிகள் ஒன்றோடொன்று இணைந்து இயங்கத் தொடங்கிய பொது ஏற்பாடு அது.

பதிவு 4 | ஈப்போ கம்பிக்காரர்

தம்பி சொன்ன மின்னழுத்தக் கணக்கை ஒவ்வொரு வீட்டுக்காரரும் படிக்க வேண்டும். ஆனால் அது மெல்லிய கம்பியின் குறையே தவிர அனலாக்கின் குறை அல்ல. 0.5 சதுர மில்லிமீட்டர் நல்ல செம்புக் கம்பி போட்டால் வீட்டளவு தூரத்துக்குப் பிரச்சினை வராது.

ஐபி கம்பிக்கும் எல்லை உண்டு. கேட் 6 கம்பி 100 மீட்டரோடு நிற்கும். கோஎக்சியலில் 2 மெகாபிக்சல் படம் நல்ல கம்பியாக இருந்தால் 300 மீட்டர் தாண்டியும் வரும். வீட்டுக்கு இது பொருட்டல்ல. கோயில், பள்ளி, தோட்டத்துக் கிடங்கு என்றால் பொருட்டுத்தான்.

பதிவு 5 | ஓய்வுபெற்ற கிராணி

பிள்ளைகள் இருவரும் நல்ல செய்திகளைச் சொன்னீர்கள். கோயில் என்ற பேச்சு வந்ததால் நானும் எழுதுகிறேன். எங்கள் தோட்டத்து மாரியம்மன் கோயிலின் நிர்வாகக் குழுவில் இருக்கிறேன். உண்டியல் உடைக்கப்பட்ட பிறகு கோயிலிலும் மண்டபத்திலும் கேமரா வைத்தோம். மண்டபத்திலிருந்து கோயிலுக்குக் கோஎக்சியல் கம்பி மண்ணுக்கடியில் ஓடியது.

தொடக்கத்திலிருந்தே கோயில் கேமராப் படத்தில் கிடைக்கோடாக ஒரு நிழல் மெதுவாக மேலேறிக்கொண்டே இருந்தது. கேமராவை மாற்றினார்கள், பெட்டியை மாற்றினார்கள், போகவில்லை. பிறகு வந்த ஒரு மின்பொறியாளர்தான் காரணத்தைச் சொன்னார். கோயிலுக்கும் மண்டபத்துக்கும் தனித்தனி எர்த் கம்பிகள். இரண்டு இடத்து மண்ணின் மின்னழுத்தமும் ஒன்றாக இருப்பதில்லை. அந்த வேறுபாடு கோஎக்சியலின் வெளிப்பின்னல் வழியாக ஓடி, 50 ஹெர்ட்ஸ் மின்சாரத்தின் நிழலைப் படத்தில் கொண்டுவருகிறது என்றார்.

அந்த வேறுபாடு சாதாரண நாளில் கோடாகத் தெரிகிறது. இடி விழும் நாளில் அதுவே பெட்டியை எரித்துவிடுகிறது. நம் நாட்டில் இடியைப் பற்றி யாருக்கும் சொல்ல வேண்டியதில்லை. கிள்ளான் பள்ளத்தாக்கில் ஆண்டின் பாதி நாள்களுக்கு மேல் இடி கேட்கிறது, பேராவிலும் மாலை மழைக்குக் குறைவில்லை. மின்னல் கேமராவின் மீது நேராக விழ வேண்டும் என்பதில்லை. பக்கத்தில் எங்கேனும் விழுந்தாலே அந்த இடத்து மண்ணின் அழுத்தம் திடீரென்று உயரும். இரண்டு கட்டடங்களையும் இணைக்கும் செம்புக் கம்பி எதுவாயினும் அந்த ஓட்டம் அதில் பாய்ந்து இரு முனைகளையும் தாக்கும். கோஎக்சியலோ கேட் 6-ஓ, மின்னலுக்கு இரண்டும் செம்புதான். எங்கள் மண்டபத்தில் ஒரே மாலையில் பெட்டியும் இரண்டு கேமராவும் தொலைக்காட்சியும் போயின.

இப்போது அந்த இடைவெளியில் ஒளியிழைக் கம்பி போட்டிருக்கிறோம். கண்ணாடி இழை மின்சாரத்தைக் கடத்தாது. கோயில் பக்கம் ஒரு சிறிய பிஓஇ சுவிட்ச், அங்கிருந்து ஐபி கேமராக்கள், மண்டபத்தில் பதிவுப் பெட்டி. உள்ளே இரும்பு உறையோ இரும்புக் கம்பியோ இல்லாத ஒளியிழையாகப் பார்த்து வாங்க வேண்டும். இல்லையென்றால் அந்த இரும்பே செம்பின் வேலையைச் செய்துவிடும். நிழல்கோடு அன்றே மறைந்தது. ஆகவே இரண்டு கட்டடத்துக்கிடையே கேமரா வைக்க நினைப்பவர்கள் வேறெதையும் யோசிக்காமல் ஒளியிழையும் ஐபி-யும் என்று முடிவெடுக்கலாம். ஒரே கூரைக்குள் என்றால் கம்பிக்காரர் சொல்வது போல இருப்பதை வைத்தும் பார்க்கலாம்.

பதிவு 6 | தாமான் குடியிருப்பாளர்

இடையில் ஒரு கேள்வி. கம்பியே இல்லாத வைஃபை கேமராக்கள் மலிவாகக் கிடைக்கின்றனவே, அவை போதாதா?

பதிவு 7 | வலைப்பின்னல் பொறியாளர்

வாடகை வீட்டுக்கும், வீட்டுக்குள்ளே முதியவர்களைப் பார்த்துக்கொள்வதற்கும் நல்லவை. வாசல் பாதுகாப்புக்கு அவற்றை மட்டும் நம்ப வேண்டாம். அவற்றில் பெரும்பாலானவற்றுக்கும் மின்சாரக் கம்பி வேண்டும், 2.4 கிகாஹெர்ட்ஸ் அலை இரண்டு செங்கல் சுவரைத் தாண்டினால் வலுவிழக்கும். பதிவு கேமராவுக்குள் இருக்கும் சிறு அட்டையில் மட்டும் இருந்தால், கேமராவைப் பிடுங்கிக்கொண்டு போகிறவன் சாட்சியையும் கொண்டுபோகிறான்.

பதிவு 8 | கடைத்தெரு வியாபாரி

நான் பழைய கூட்டரசுச் சாலையோரம் மளிகைக் கடை வைத்திருக்கிறேன். எந்தக் கேமராவாக இருந்தாலும், சம்பவம் நடந்த பிறகு அது பயன்பட வேண்டும் அல்லவா, அதைப் பற்றி இங்கே யாரும் பேசவில்லை.

முதலாவது நேரம். இணையத்தோடு சேராத பழைய பெட்டிகளில் உள்ளிருக்கும் சிறிய மின்கலம் தீர்ந்துபோனால், ஒவ்வொரு மின்தடைக்குப் பிறகும் தேதி பல ஆண்டுகள் பின்னால் போய்விடும். திருட்டு நடந்த நாளும் படத்தில் உள்ள நாளும் பொருந்தாவிட்டால் விளக்கம் சொல்லியே ஓய்ந்துவிடுவோம். பெட்டியை இணையத்தோடு இணைத்து நேரத்தைத் தானாகச் சரிசெய்யும்படி வையுங்கள். அல்லது மாதம் ஒருமுறை கைப்பேசி நேரத்தோடு ஒப்பிட்டுத் திருத்துங்கள்.

இரண்டாவது, பதிவை எடுத்துக்கொடுக்கும் முறை. பலர் திரையில் ஓடும் படத்தைக் கைப்பேசியில் படம்பிடித்து வாட்ஸ்அப்பில் அனுப்புகிறார்கள். அதில் இருக்கும் கொஞ்சத் தெளிவும் போய்விடுகிறது. பெட்டியிலிருந்து நேராக யுஎஸ்பி-யில் மூலக் கோப்பை எடுத்துப் புகாரோடு கொடுக்க வேண்டும், மூலப் பதிவு அழியாமல் பூட்டியும் வைக்க வேண்டும். கணினி உருவாக்கிய ஆவணங்களைச் சாட்சியமாக ஏற்பது பற்றி 1950-ஆம் ஆண்டுச் சாட்சியச் சட்டத்தின் 90ஏ பிரிவு கூறுகிறது. கருவி வழக்கமான பயன்பாட்டில் இருந்தது என்று அதை நிர்வகிப்பவர் தரும் சான்று அதில் முக்கியமான ஒன்று. வீட்டில் யாருக்காவது இந்தக் கோப்பு எடுக்கும் வேலை தெரிந்திருக்க வேண்டும். பொருத்த வருபவரிடம் பணம் கொடுக்கும் முன்பே, அதை ஒருமுறை செய்து காட்டச் சொல்லுங்கள்.

பதிவு 9 | சிப்புட் மகள்

கிராணி ஐயாவுக்கும் கடைக்கார அண்ணனுக்கும் நன்றி. இந்த வார இறுதியில் ஊருக்குப் போய் அளந்து வந்தேன். பெட்டி கூடத்தில் இருக்கிறது. அங்கிருந்து பின்புறக் கேமராவுக்கு 14 மீட்டர், பக்கவாட்டுக்கு 17 மீட்டர், முன்கூடத்துக்கு 11 மீட்டர். வாசல் கேமராவுக்குக் கம்பி வெளியே போய்த் தூண் வழியாக ஏறுவதால் 26 மீட்டர். பின்புறம், பக்கவாட்டு இரண்டின் முனைகளும் கூரைக்கடியில் உலர்ந்தே இருக்கின்றன. வாசல் பெட்டியைத் திறந்தபோது கம்பிக்காரர் அண்ணன் எழுதியதை அப்படியே பார்த்தேன், எறும்பு உட்பட. அதோடு, வழியில் ஒரு இடத்தில் கறுப்பு நாடா சுற்றிய ஒட்டும் இருக்கிறது. முன்சுவரிலிருந்து வாசல் கதவு வரை 6 மீட்டர். முகம் தெரிய எத்தனை மெகாபிக்சல் வாங்க வேண்டும்?

பதிவு 10 | ஈப்போ கம்பிக்காரர்

இந்த அளவுகள் கிடைத்தால் போதும் சகோதரி. மெகாபிக்சலை மட்டும் வைத்துப் பதில் சொல்ல முடியாது. லென்ஸையும் சேர்த்துக் கணக்கிட வேண்டும்.

கண்காணிப்புக் கேமராவுக்கான ஐரோப்பியத் தரம் ஒன்று உண்டு, ஈஎன் 62676-4. அதன்படி முன்பின் தெரியாத ஒருவரை அடையாளம் சொல்ல, அவர் நிற்கும் இடத்தில் ஒரு மீட்டர் அகலத்துக்கு 250 புள்ளிகள் வேண்டும். ஏற்கெனவே தெரிந்தவரை இவர்தான் என்று சொல்ல 125 போதும். ஆள் ஒருவர் இருக்கிறார் என்பதை மட்டும் அறிய 25 போதும்.

இதை உங்கள் வாசலில் வைத்துப் பாருங்கள். 22 அடி என்பது 6.7 மீட்டர். பழைய கேமராவின் 720 புள்ளிகள் அந்த அகலத்தை மட்டும் காட்டியிருந்தாலும் மீட்டருக்கு 107 புள்ளிகள்தான். அது சாலையையும் எதிர்வீட்டையும் சேர்த்துக் காட்டியதால் அதில் பாதிகூட இருந்திருக்காது. முகம் திட்டாகத் தெரிந்ததற்குக் கேமரா பழுது காரணம் அல்ல.

இப்போது புதிய கேமரா. பலரும் மாட்டிவிடும் 2.8 மில்லிமீட்டர் லென்ஸ் 100 பாகைக்குமேல் விரிந்து பார்க்கும். முன்சுவரில் மாட்டினால் 6 மீட்டர் தள்ளியிருக்கும் கதவருகே அது ஏறத்தாழ 15 மீட்டர் அகலத்தைப் பிடிக்கும். 2 மெகாபிக்சலின் 1920 புள்ளிகளை 15-ஆல் வகுத்தால் 128. புதிய கேமராவுக்குப் பணம் கொடுத்தும் தெரிந்தவரைத்தான் கண்டுபிடிக்க முடியும். அதே கேமராவில் 6 மில்லிமீட்டர் லென்ஸ் இருந்தால் பிடிக்கும் அகலம் ஏறத்தாழ 6 மீட்டர். புள்ளிகள் மீட்டருக்கு 320. ஆக, விலை அதிகமான 4 மெகாபிக்சல் கேமராவில் 2.8 லென்ஸ் வைப்பதைவிட, 2 மெகாபிக்சல் கேமராவில் 6 லென்ஸ் வைப்பது உங்கள் வாசலுக்கு முகத்தைக் கொடுக்கும். 4 மெகாபிக்சலோடு 6 லென்ஸும் சேர்ந்தால் மீட்டருக்கு 400 தாண்டும். இரவில் கொஞ்சம் மங்கினாலும் தாங்கும். முழு முன்புறத்தையும் பார்க்க முன்கூடக் கேமரா 2.8 லென்ஸோடு இருக்கட்டும். ஒன்று பரப்பைப் பார்க்க, ஒன்று முகத்தைப் பார்க்க. இந்தப் பிரிவினையைச் செய்யாமல் எத்தனை கேமரா வைத்தாலும் எல்லாம் பரப்பையே பார்த்துக்கொண்டிருக்கும்.

உயரமும் முக்கியம். கேமராவைக் கூரை விளிம்பில் ஏற்றினால் தொப்பியின் மேற்புறமும் தலைக்கவசமும்தான் பதிவாகும். முகக் கேமரா இரண்டு அல்லது இரண்டரை மீட்டர் உயரத்தில், கதவைத் திறக்கும் கை இருக்கும் பக்கத்தை நேராகப் பார்க்க வேண்டும். கைக்கு எட்டும் உயரம் என்று பயமாக இருந்தால், பரப்பைப் பார்க்கும் கேமராவின் பார்வைக்குள் அதை வையுங்கள். இரவில் வாசல் விளக்கு ஒன்று எரியட்டும். நடக்கும் ஆளின் முகத்தை இருட்டில் கலையாமல் பிடிப்பது எந்தக் கேமராவுக்கும் கடினம்.

என் பரிந்துரை இதுதான். பின்புறமும் பக்கவாட்டும் நல்ல கம்பியில் இருப்பதால் அங்கே 2 மெகாபிக்சல் அனலாக். வாசல் கம்பி கெட்டுவிட்டது. எப்படியும் புதிதாக இழுக்கத்தான் வேண்டும். இழுப்பதை கேட் 6 ஆக இழுத்து, வாசலுக்கும் முன்கூடத்துக்கும் 4 மெகாபிக்சல் ஐபி. இரண்டையும் ஏற்கும் எக்ஸ்விஆர் பெட்டி இருக்கிறது. எத்தனை ஐபி கேமராவை ஏற்கும் என்று மட்டும் கேட்டு வாங்குங்கள்.

பதிவு 11 | வலைப்பின்னல் பொறியாளர்

அண்ணனின் லென்ஸ் கணக்கை மறுப்பதற்கு ஒன்றுமில்லை. இருந்தாலும், அந்த உலர்ந்த கம்பிகளும் பத்து ஆண்டுக்கு மேல் பழையவை. இன்னும் பத்தாண்டு என்று கணக்கிட்டால் நான்கையும் ஐபி ஆக்குவதே நல்லது என்றுதான் நான் இன்னும் நினைக்கிறேன். இப்போது பணம் இறுக்கமாக இருந்தால் கலப்பு முறை ஏற்கத்தக்கதே.

எதை வாங்கினாலும் கடவுச்சொல்லை விட்டுவிடாதீர்கள். 2016-இல் மிராய் என்ற தீநிரல், தொழிற்சாலையில் வைத்த கடவுச்சொல்லை மாற்றாத கேமராக்களையும் டிவிஆர் பெட்டிகளையும் தேடிப் பிடித்து, அவற்றைக் கொண்டே அமெரிக்காவில் பெரிய இணையத் தளங்களை முடக்கியது. அனலாக் என்பதால் பாதுகாப்பு என்று நினைக்க வேண்டாம். இணையத்தில் இணைந்த டிவிஆரும் அதே ஆபத்தில்தான் இருக்கிறது. பொருத்துபவரின் வழக்கமான கடவுச்சொல் அவர் வேலை செய்த எல்லா வீட்டுக்கும் ஒன்றாக இருக்கும்; அவர் போன பிறகு நீங்களே மாற்றுங்கள். ரவுட்டரில் வெளியிலிருந்து வரும் வழியைத் திறந்து வைப்பதையும் அனுமதிக்காதீர்கள். ஷா ஆலாமிலிருந்து பார்க்க, கைப்பேசிச் செயலியில் பெட்டியின் க்யூஆர் குறியைக் காட்டி இணைக்கும் முறை போதும். இணையம் அறுந்தாலும் பதிவு வீட்டுக்குள் நடந்துகொண்டேயிருக்கும். அம்மா தொலைக்காட்சியில் பார்ப்பதும் நிற்காது.

பதிவு 12 | ஓய்வுபெற்ற கிராணி

ஒன்று விட்டுப்போயிற்று. இடி இடித்தால் நம் வீடுகளில் கசிவு மின்காப்பு விசை தானாக விழுந்துவிடும். வீட்டில் ஆள் இருந்தால் தூக்கிவிடுவார்கள். தீபாவளிக்கு எல்லாரும் ஊருக்குப் போயிருக்கும் வேளையில் விழுந்தால், யுபிஎஸ் தீர்ந்த பிறகு கேமரா முழுவதும் செத்துக்கிடக்கும். மின்தொழிலாளரிடம் சொல்லிப் பதிவுப் பெட்டிக்குத் தனி விசையும், மின்பலகையில் மின்னெழுச்சிக் காப்பும், எர்த் கம்பியின் சோதனையும் கேளுங்கள். கேமராக்காரர் இந்த வேலையைச் செய்ய மாட்டார்; உரிமம் பெற்ற வயர்மேன்தான் செய்ய வேண்டும்.

பதிவு 13 | சிப்புட் மகள்

குடும்பத்தில் பேசி முடிவெடுத்துவிட்டோம். வாசலுக்கும் முன்கூடத்துக்கும் கேட் 6 கம்பியில் 4 மெகாபிக்சல் ஐபி, வாசலில் 6 மில்லிமீட்டர் லென்ஸ். பின்புறத்துக்கும் பக்கவாட்டுக்கும் முனைகளை மாற்றி 2 மெகாபிக்சல் அனலாக். 8 வழி எக்ஸ்விஆர். ஹார்ட் டிஸ்க் எவ்வளவு வாங்குவது? பக்கவாட்டுக் கேமராவில் அடுத்த வீட்டின் குளியலறைச் சன்னலும் தெரிகிறது. அவர்கள் நெடுநாள் பழக்கமுள்ளவர்கள், மனக்கசப்பு வரக்கூடாது.

பதிவு 14 | ஈப்போ கம்பிக்காரர்

எச்.265 என்ற படச் சுருக்க முறையில் 2 மெகாபிக்சல் கேமராவுக்கு நொடிக்கு 2 மெகாபிட், 4 மெகாபிக்சலுக்கு 4 மெகாபிட் என்று வைத்தால், முன்னது நாளுக்கு 21.6 கிகாபைட்டும் பின்னது 43.2 கிகாபைட்டும் எடுக்கும். உங்கள் நான்கும் சேர்ந்து நாளுக்கு ஏறத்தாழ 130 கிகாபைட். 2 டெராபைட்டில் 15 நாள் நிற்கும், 4 டெராபைட்டில் 30 நாள். பெற்றோர் தனியாக இருப்பதாலும் நீங்கள் மாதம் ஒருமுறை வருவதாலும் 4 டெராபைட் வாங்குங்கள். இரவுபகல் எழுதுவதற்கென்றே செய்த கண்காணிப்பு ரக டிஸ்க்காக இருக்கட்டும்; பழைய கணினியிலிருந்து கழற்றியதை மாட்டித்தர விடாதீர்கள்.

சன்னல் விஷயத்துக்குப் பெட்டியிலேயே மறைப்பு வசதி இருக்கிறது. அந்தச் சன்னலின் மேல் கறுப்புக் கட்டம் வைத்துவிட்டால் அந்தப் பகுதி பதிவாகாது. அதைவிட, முதலில் கேமராவைக் கொஞ்சம் கீழே திருப்பி உங்கள் வேலிக்குள் அடக்கப் பாருங்கள். வைத்த பிறகு அண்டை வீட்டாரை அழைத்துத் திரையில் காட்டிவிடுங்கள்.

விலைப்பட்டியலில் கேமராவின் மாதிரி எண், லென்ஸ் அளவு, கம்பி முழுச் செம்பு என்ற உறுதி, வெளியே வரும் முனைகளுக்கு நீர் புகாத பெட்டி ஆகிய நான்கும் எழுத்தில் இருக்க வேண்டும். வேலை முடிந்த அன்று மாலையே பொருத்தியவரை அனுப்பிவிடாமல், இருட்டிய பிறகு ஒருவரை வாசலில் நடக்கவிட்டுப் பதிவை ஓட்டிப் பார்த்து, முகம் தெரிந்தால் மீதிப் பணத்தைக் கொடுங்கள்.